அறுந்த வாரும் பத்து நிமிடமும்

போன சனிக்கிழமை மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி என் செருப்பு வார் அறுந்துவிட்டது. பெண்கள் செருப்பு, 42ஆம் அளவு. அந்த அளவில் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. அறுந்தால் தைத்துத்தான் போட வேண்டும்.

நான் ஆண். சுடிதார் போட்டு வெளியே வந்த மூன்றாவது நாள் அது. ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று செருப்பை மட்டும் நீட்டினேன். அவர் வாரைத்தான் பார்த்தார்.

"பசை போட்டா நிக்காது, தைக்கணும். இரி மகள்."

மெழுகு தடவிய நூல், குத்தூசி, பழைய டயர்த் துண்டு ஒன்று. பக்கத்தில் பாடசாலைப் பையோடு ஒரு அம்மா. அவருக்கும் எனக்கும் நடுவில் என் வெறுங்கால். யாரும் அதைப் பார்க்கவில்லை.

இலங்கையில் எங்களைப் போன்றவர்களை வீதியில் மறிக்க, 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும், தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவான ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலையும் பொலிஸார் பயன்படுத்தியிருக்கிறார்கள். யாரை ஏமாற்றினேன் நான்? பஸ் ஏறும்போதெல்லாம் அந்தக் கேள்வி நெஞ்சில் கிடக்கும். அந்தப் பத்து நிமிடம் அது இல்லை.

கடைசியில் குரலை மறந்து, "எவ்வளவு ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். காசை வாங்கினார். "மற்ற வாரும் லேசா விட்டிருக்கு. அடுத்த கிழமை கொண்டு வா மகள்."

நாளைக்குக் கொண்டு போகிறேன்.