பொட்டு வைத்த பொத்தான்

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டு மெயின் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது என் வேலை. மீட்டருக்கு ஒன்று, வரிசையாக நிற்கும் எம்.சி.பி.க்களுக்கு ஒன்று, பக்கத்தில் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்திருக்கும் ட்ரிப்பருக்கு ஒன்று. அந்த ட்ரிப்பரின் முகத்தில் 'டி' என்று எழுதி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பொட்டு வைக்க வாகாக இருக்கிறதே என்று அதன் மேலேயே வைப்பேன். 2014 தையில் பால் காய்ச்சிக் குடி வந்ததிலிருந்து பதினோரு பொட்டு வைத்தாயிற்று. ஒரு தடவையாவது அதை அமுக்கிப் பார்த்தேனா என்றால், இல்லை. அமுக்கினால் கரண்ட் போய்விடும், சீரியல் நின்றுவிடும், மாமியார் கேள்வி கேட்பார்!

2024 ஐப்பசியில், ஜவ்வாது மலைப் பக்கமிருந்து மழை இறங்கி ஆலங்காயமே சொதசொதவென்று கிடந்த ஒரு சாயங்காலம். பெரியவள் தோசைக்கு மாவு அரைத்துக் கொண்டிருந்தாள். வெறுங்கால், ஈரத்தரை. ஓடுகிற கிரைண்டரின் விளிம்பில் ஒட்டின மாவை வழிக்கக் கையை வைத்தவள், வைத்தபடியே நின்றுவிட்டாள். அலறக்கூட இல்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். நான் ஓடிப்போய் அவளைப் பிடிக்கப் போனேன். கூடத்திலிருந்து மாமியார், "தொடாதடி! மெயினை எறக்கு!" என்று போட்ட சத்தம்தான் என்னைத் தடுத்தது. பெட்டிக்கு நாலு எட்டுத்தான். அந்த நாலு எட்டை இன்றைக்கும் கனவில் ஓடுகிறேன்.

பிழைத்துக்கொண்டாள். அன்றிரவே டாக்டரிடம் காட்டி, ஈ.சி.ஜி. எடுத்து, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உள்ளங்கையில் மொச்சைக்கொட்டை அளவு வெளுத்த தீப்புண். "விட முடியலம்மா, விடணும்னுதான் நெனைக்கிறேன், கை கேக்கல" என்று ராத்திரி முழுக்கச் சொன்னதையே சொன்னாள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, முதல் காரியமாகப் பொட்டைத் துடைத்துவிட்டு அந்தப் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். "இது எப்ப செத்துதோ தெரியலியேம்மா!" என்றார். கிரைண்டரிலும் ஒரு கோளாறு. எப்போதோ பிளக் மாற்றினவர்கள் எர்த் ஒயரை மேலே இருக்கிற பருத்த முனையில் முடுக்காமல் வெட்டி விட்டிருந்தார்கள். மூன்று முனையில் அது மட்டும் நீளமாக இருப்பது அழகுக்கு அல்ல. சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. வீட்டில் இருக்கிற பிளக்குகளை ஒருநாள் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது ட்ரிப்பரை மாட்டிவிட்டுப் பழையதைப் பையில் போடப் போனவரிடம், "அதை எனக்குக் கொடுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். "என்னத்துக்கு, கொலு வெக்கவா?" என்றார் வீட்டுக்காரர். எனக்கோ ஆத்திரம். பதினோரு வருஷம் பொட்டு வாங்கிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் சும்மா இருந்ததே, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வந்தான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு. கூடத்தில் நியூஸ் பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். இதற்கு ஸ்குரூ கிடையாது, ரிவிட் அடித்து மூடியிருக்கிறார்கள், திறக்கக் கூடாது என்றுதான் அர்த்தம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் பிரித்தது கழற்றிப்போட்ட பெட்டி. மாட்டியிருப்பதைத் தொடவே கூடாது. பிரித்ததைத் திரும்ப மாட்டவும் கூடாது.

ரிவிட்டைத் துளைபோட்டு எடுத்ததும் மூடி கழன்றது. நான் நினைத்தது ரேடியோவுக்குள் இருப்பதுபோல ஏகப்பட்ட சாமான். இருந்ததோ கொஞ்சம்தான். நடுவில் வளையல் மாதிரி ஒரு வளையம். உள்ளே மெல்லிய உலோக நாடாவை ரிப்பன் போலச் சுற்றியிருக்கிறது. வீட்டுக்குள் வருகிற பேஸ் ஒயர், திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர், இரண்டும் தடித்த செம்பாக அந்த வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. வளையத்தின் மேலே தலைமுடி போல மெல்லிய கம்பியில் தனியாக ஒரு சுற்று.

"அத்தை, இந்த ரிங்குதான் வாட்ச்மேன்" என்றான் பையன். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறி வாணியம்பாடி, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள். காலையில் கேட்டுக்குள் போனவர்கள் நூறு பேர் என்றால் சாயங்காலம் வெளியே வருவதும் நூறாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் வாட்ச்மேன் கேட்பான். அதேபோல் பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். இரண்டும் எதிரெதிராக ஓடுவதால் வளையத்தில் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும், மெல்லிய சுற்றில் ஒன்றும் தெரியாது. என் மகளின் கை வழியாகத் தரைக்குக் கொஞ்சம் கரண்ட் போய்விட்டால் கணக்கு இடிக்கும். அந்த வித்தியாசம் மெல்லிய சுற்றில் ஒரு துளிக் கரண்டாகக் கிளம்பும்.

துளிதான்! அதைக் கொண்டு அவ்வளவு கெட்டியான விசையை எப்படித் தள்ளுவது? இங்கேதான் எனக்கு வியப்பு தாங்கவில்லை. நகத்தளவு டப்பி ஒன்றுக்குள் சின்ன நிரந்தரக் காந்தம். அது ஒரு குட்டித் தகட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு ஸ்பிரிங், தகட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. காந்தத்தின் பிடிக்கும் ஸ்பிரிங்கின் இழுப்புக்கும் நூலளவுதான் வித்தியாசம். வளையத்திலிருந்து வரும் துளிக் கரண்ட், காந்தத்தின் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறது. ஸ்பிரிங் ஜெயிக்கிறது. தகடு துள்ளி, ஒரு கொக்கியைத் தட்டுகிறது. கொக்கி விலகினதும் பெரிய ஸ்பிரிங் இரண்டு ஒயரின் தொடர்பையும் பட்டென்று பிரித்துவிடுகிறது.

எலிப்பொறியேதான்! மசால்வடையைத் தொடுகிற எலியின் மூக்கிலா பொறியை மூடும் பலம் இருக்கிறது? பலம் பொறி வைத்தவள் கையில் இருந்து வந்தது. ட்ரிப்பரிலும் அப்படித்தான். நாம் அந்தக் கட்டையை மேலே தூக்கும்போது கொடுக்கிற பலம்தான் ஸ்பிரிங்கில் காத்திருக்கிறது. கட்டையைக் கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே கொக்கியை ஊசியால் தட்டினேன். அப்போதும் உள்ளே தொடர்பு விட்டுப்போனது! "போய்ப் போய் வருதே" என்று யாராவது கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அப்படியானால் எங்களுடையது ஏன் செத்தது? கொக்கி நன்றாக இருந்தது, ஸ்பிரிங் நன்றாக இருந்தது. அந்தக் குட்டித் தகடுதான் நகரவில்லை. காந்தத்தோடு ஒட்டுகிற முகம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். எங்களுடையதில் மங்கலாக ஒரு மஞ்சள் படலம். ஊசியால் நெம்பினதும் விட்டுக்கொண்டது. பல வருஷம் அசையாமல் ஒட்டியே கிடந்தால், தூசியும் ஈரமும் சேர்ந்து இப்படிப் பிடித்துக்கொள்ளுமாம். அதற்குத்தான் அந்தப் பொத்தான். அமுக்கினால் ஒரு தடை வழியாகக் கொஞ்சம் கரண்டை வளையத்துக்கு வெளியே சுற்றிவிட்டு, வேண்டுமென்றே கணக்கைக் கெடுக்கிறது. தகடு துள்ளிப் பார்த்துக்கொள்ளும். ஒட்டியிருந்தால் நமக்குத் தெரிந்துவிடும். நான் சந்தனம் வைத்த இடம் அது.

"எம்.சி.பி. இருந்துதே, அது ஏன் விழல?" என்று கேட்டேன். அதன் வேலையே வேறு. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அதற்கு மேல் போனால்தான் அது பார்க்கும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். ட்ரிப்பர் மேல் எழுதியிருப்பது 30 மில்லி ஆம்பியர். ஜீரோ வாட் பல்பு என்கிறோமே, அந்த 15 வாட் பல்பில் ஓடுவதே 65 மில்லி ஆம்பியர். அதில் பாதிகூட இல்லை இது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிறது, நம்மையல்ல.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் என்பவர், எவ்வளவு கரண்ட் வரைக்கும் ஒருவரால் பிடித்த கம்பியை விட முடிகிறது என்று ஆட்களை வைத்தே சோதித்திருக்கிறார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5 தான். அதற்கு மேல் போனால் விரல்களை மடக்கும் தசை இறுகிக்கொள்ளும், மனசு சொன்னாலும் கை விரியாது. 'கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கும்' என்கிறோமே, கரண்ட் இழுப்பதில்லை, நம் கையேதான் பிடித்துக்கொள்கிறது. "கை கேக்கல" என்று என் மகள் சொன்னது நிஜம். இதே டால்சீல்தான் 1961-ல் அந்நாட்டு வீடுகளுக்கான இப்படி ஒரு கருவியை உருவாக்கியவர்.

ட்ரிப்பர் இருந்தால் ஷாக்கே அடிக்காது என்று நினைக்காதீர்கள். சுரீரென்று அடிக்கத்தான் அடிக்கும். ஆனால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், அதைப்போல ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள்ளும் அறுத்துவிட வேண்டும் என்பது அதற்கு விதி. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது, போன கணக்கு வந்துவிடுகிறதே! வாங்கும்போது 30 என்று பார்த்து வாங்குங்கள். 300 என்று இருப்பது தீவிபத்துக்கு, ஆளுக்கு அல்ல.

புது ட்ரிப்பர் வந்த வாரமே மூன்று தடவை விழுந்தது. "எடுத்துட்டு நேரா குடுக்கச் சொல்லு, நிம்மதியா இருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு வந்த கோபத்தில் எதிரில் இருந்த எலும்புக்கூட்டை அவர் முன்னால் வைத்தேன். பிறகு வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தோம். அயர்ன் பாக்ஸைச் சொருகினதும் விழுந்தது. ஆக, வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை! அயர்ன் பாக்ஸ் ரிப்பேருக்குப் போனது.

இப்போது மாசம் பிறந்தால் ஒன்றாம் தேதி பொத்தானை அமுக்குவது பெரியவள் வேலை. பட்டென்று விழுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைக்குக் காபி இறங்கும். போன வாரம் அடுத்த தெரு அம்மா ஒருவர், என் எலும்புக்கூட்டைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, ஒரு தடவகூட அமுக்கினதில்ல" என்றார். அப்போதே கூடப் போய் அமுக்கிப் பார்த்தோம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார். அதுவரை அவர்கள் வீட்டு மாவும் எங்கள் வீட்டில்தான் அரைபடுகிறது.