குரங்குக் கணக்கு

நண்பரின் மகள் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். முப்பத்தாறு வயது. 'இன்னும் படிச்சிண்டேதான் இருக்கா, நீங்களே கேளுங்க' என்றார் அவள் அம்மா. கேட்டேன். குரங்குகளை வைத்து எய்ட்ஸ் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஹெச்.ஐ.வி. மனிதனுக்குத்தானே? உண்மைதான். ரீசஸ் குரங்கின் உடம்பில் அது தங்காது. ஆனால், அதற்கு ஒரு பங்காளி வைரஸ் உண்டு. 1985-ல் கண்டுபிடித்த எஸ்.ஐ.வி. ஆப்பிரிக்காவின் ஸூட்டி மாங்கபே குரங்கு அதை உடம்பில் வைத்துக்கொண்டே சௌகரியமாக வாழ்கிறது. ரீசஸுக்கு வந்தால், நம்மைப் போலவே எய்ட்ஸ். ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் கேள்வி.

'அந்த ரீசஸுக்குப் பூர்வீகம் நம்ம நாடுதான் அங்கிள்' என்றாள். டெல்லியில் ஆபீஸ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடும் அதே ஜாதி. 1978-ல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்திவிட, இப்போது இருப்பவை அங்கேயே பிறந்த வாரிசுகள்.

பலன் உண்டா? 1995-ல் டெனோஃபோவிர் என்ற மருந்தைக் குரங்குகளுக்கு எஸ்.ஐ.வி. கொடுக்குமுன்னும், கொடுத்து ஒரு நாளுக்குள்ளும் ஆரம்பித்துப் பார்த்தார்கள். குரங்குகள் தப்பின. அந்த மருந்து சேர்ந்த மாத்திரை, மனிதர்களுக்குத் தொற்றைத் தடுக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2012-ல். நடுவில் பதினேழு வருஷம்!

இளம் விஞ்ஞானிக்குக் கிடைக்கும் மானியமோ நாலைந்து வருஷத்துக்கு. அதுவும் லேசில் வராது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச்.சின் பெரிய மானியத்தை முதல்முறை வாங்குகிறவர்களின் சராசரி வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பணம் கேட்டால், 'முதல்கட்ட முடிவுகள் எங்கே?' என்பார்கள். முடிவு வேண்டுமென்றால் பணம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும். இதைக் கொஞ்சம் தளர்த்தத்தான் 2006-ல், சீனியரின் நிழலில் இரண்டு வருஷம், தனியாக மூன்று வருஷம் என்று ஒரு மானியம் கொண்டுவந்தார்கள். போட்டி கடுமை.

1986-ல் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பெரிய வசதி எதுவுமில்லாமல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகளை நிர்மலா வீட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தார். குரங்கை அப்படி வைக்க முடியாதே! தீனி, கூண்டு, டாக்டர், பாதுகாப்பு எல்லாம் வருஷக்கணக்கில். எலியைப் போலச் சின்னதாக ஆரம்பிக்க வழியில்லை.

நீங்கள் கேட்க நினைப்பதை நானும் கேட்டேன். 'பாவமில்லையா?'

சற்று நேரம் பேசவில்லை. 'பாவம்தான் அங்கிள். அதனாலதான் ஒண்ணுகூட வீணாகக் கூடாதுன்னு பார்க்கறேன். பாதியில பணம் நின்னா, அதுங்க பட்டதெல்லாம் எதுக்கு?'

இந்தக் கோணம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. குரங்குக்கு இரக்கப்படுகிறவர்கள் மானியத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் போலிருக்கிறது.

அவள் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அம்மா சனிக்கிழமை வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார்.

ஆஞ்சநேயருக்கு.