புகையாகத் தெரிந்த ஊர்

கன்சஸ் மாநிலத்தின் வடமேற்கே 24ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண் சிமிட்டினால் நிக்கோடெமஸ் கடந்துவிடும். கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயல், நடுவில் சில வீடுகள், பழைய கட்டடங்கள் ஐந்து. கடைத்தெரு கிடையாது. 2020 கணக்கெடுப்பின்படி ஊரில் இருந்தவர்கள் 14 பேர்.

கறுப்பினத்தவரின் வரலாற்றைத் தேடுகிற பயணிகள் அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும்தான் போவார்கள். மரமே அரிதான இந்தப் புல்வெளியில் அதைத் தேட யாருக்கும் தோன்றாது. ஆனால் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தங்களுக்கென்று 1877இல் அமைத்துக்கொண்ட ஊர் இது. கென்டக்கியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வெள்ளையரான நில வியாபாரி டபிள்யூ. ஆர். ஹில்லும், கறுப்பினப் போதகர் டபிள்யூ. எச். ஸ்மித்தும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அவர்களை அழைத்திருந்தது. சொந்த நிலம் என்ற சொல்லுக்கு அவர்களிடம் எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊரைப் பற்றிப் படித்தவர்கள் வில்லியானா ஹிக்மன் என்ற பெண்ணை மறக்க மாட்டார்கள். 1878 வசந்தத்தில் போதகரான கணவரோடும் பிள்ளைகளோடும் வந்தவர். ரயில் எல்லிஸ் வரைதான். அதற்குமேல் புல்வெளியில் நடை. 'அதோ நிக்கோடெமஸ்!' என்று ஆண்கள் ஆரவாரம் செய்ய, இவர் சுற்றிலும் பார்க்கிறார். வீடு ஒன்றும் தெரியவில்லை. கணவர் கைகாட்டிய இடத்தில் தரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மண்ணைக் குடைந்து அதற்குள் வசித்தார்கள் மக்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டதாகப் பின்னாளில் சொன்னார்.

அவருக்கு முன்னே வந்தவர்களில் பலர் அந்தக் காட்சியைப் பார்த்ததுமே திரும்பிவிட்டார்கள். ஹிக்மன் குடும்பம் திரும்பவில்லை.

குழிகளில் தொடங்கிய ஊர் சில ஆண்டுகளிலேயே தரைக்குமேல் எழுந்தது. ஃப்ளெட்சர் தம்பதியில் கணவர் சக்கரி அஞ்சலகத்தை நடத்தினார். மனைவி ஜென்னி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர்களுடைய செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல் இன்றும் நிற்கிறது. இங்கே குடியேறிய எட்வின் மெக்கேப் 1882 தேர்தலில் வென்று மாநிலத் தணிக்கையாளரானார். விடுதலை வந்து இருபது ஆண்டுகூட நிறையாத காலம் அது!

ஊரைச் சாய்த்தது ரயில். தண்டவாளம் தங்கள் வழியாக வரும் என்று நம்பி 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஊரார் வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவில்லை. 1888இல் இன்னொரு நிறுவனம் சாலமன் ஆற்றின் தென்கரையோடு பாதையைக் கொண்டுபோய்விட்டது. வணிகர்கள் ஆற்றைக் கடந்து போக் என்ற புதிய ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள். சில மைல் தூரம்தான், ஒரு தலைமுறையின் உழைப்பைப் பாழாக்க அது போதுமானதாக இருந்தது.

இன்று முதலில் கண்ணில் படுவது 1939இல் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய ஊர் மன்றம். அதோடு ஹோட்டல், இரண்டு தேவாலயங்கள், பள்ளிக்கூடம் ஆகியவற்றையும் சேர்த்து 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள்.

கட்டடங்களைவிட வியப்பானது ஜூலைக் கடைசி வாரக் கூடுகை. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த ஆகஸ்ட் 1ஐ நினைத்து 1878இல் தொடங்கிய விழா அது. வேறொரு நாட்டு மக்களின் விடுதலையைத் தங்களுடையதாகவே கொண்டாடியிருக்கிறார்கள்! முதல் குடிகளின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அப்போது வந்து சேர்கிறார்கள். ஊர்வலம், விருந்து, வழிபாடு என்று ஊர் நிறைகிறது. நிக்கோடெமஸுக்குப் போக நினைக்கிறவர்கள் அந்த வார இறுதியில் போகட்டும்.