பலகைக்கு முன் நிலம்

மூங்கில் தரை போட வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பலகையைப் பற்றிப் பேசுவதில்லை. வளவுக் கிணறு எந்தப் பக்கம், மார்கழியில் தண்ணீர் எவ்வளவுக்கு ஏறும் என்று கேட்பேன். தரை போட வந்தவனுக்குக் கிணற்று விசாரணை எதற்கு என்று சிலருக்கு முகம் சுருங்கும். காரணம் இருக்கிறது: மட்டக்களப்புப் பக்கத்துக் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் வாளி ஆழத்துக்கு இறங்கும். மாரி பிடித்தால் அதே கிணற்றில் தண்ணீர் கட்டுக்குக் கிட்ட வந்துவிடும். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டும்வரை வாவியும் இறங்காது, கிணறும் இறங்காது. அந்தத் தண்ணீர்தான் உங்கள் மண்டபத்தின் அடியிலும் நிற்கிறது. கொங்கிறீற் பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் அதன் நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறிக்கொண்டே இருக்கும். ரைல்ஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும். மூங்கில் பொறுக்காது.

கேட்டு வருகிறவர்களில் பலர் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். அங்கே தங்கள் வீட்டில் போட்டது நன்றாக இருக்கிறது, ஊரில் அம்மாவின் வீட்டுக்கும் போட வேண்டும், திரும்பிப் போகுமுன் முடித்துத் தர வேண்டும் என்பார்கள். ஆனால் ஆகஸ்டில் நிலம் பொய் சொல்லும். அரை மீற்றர் சதுரப் பொலித்தீனை நிலத்தில் விரித்து, நாலு கரையும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுப் பிரித்தால் அடியில் துளி கட்டியிருக்கிறதா, சீமெந்து கறுத்திருக்கிறதா என்று தெரியும். உலகம் முழுக்கச் செய்கிற சோதனைதான். ஆவணியில் செய்தால் பொலித்தீன் காய்ந்தே வரும். அதே இடத்தில் மார்கழியில் ஒட்டினால் உள்ளே நீர் முத்து முத்தாக நிற்கும். குளியலறைச் சுவரோரம், குசினி வாசல், வாவிப் பக்கத்து மூலை என்று பல இடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். நடு மண்டபத்தில் மட்டும் பார்ப்பது கண்துடைப்பு.

இந்த விஷயத்தில் கருவியை விட அந்த வீட்டில் நெடுநாள் வாழ்ந்தவரின் வாய்ச்சொல்லை நான் நம்புவேன். "மாரி வந்தா இந்த மூலையில நிலம் வேர்க்கும் மனே, சாக்குப் போட்டுத்தான் நடப்பம்" என்று ஒரு அம்மா சொன்னால், அந்த மூலைக்கு ஈரமானி தேவையில்லை.

பொலித்தீன் காட்டுவது மேற்பரப்பை மட்டும்தான். கொங்கிறீற்றுத் தடிப்பின் நூற்றுக்கு 40 வீத ஆழத்துக்குத் துளையிட்டு, ஈரப்பத முனையை இறக்கி அளந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். அந்த ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலான பலகைத் தொழிற்சாலைகள் பொறுப்பு ஏற்காது. புதுக் கொங்கிறீற்றுக்கு 28 நாள் கணக்கு ஒன்று சொல்வார்கள். அது வலுவுக்கான கணக்கு, காய்வதற்கானது அல்ல. 25 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் 100 மில்லிமீற்றருக்கு நாலு மாதம். மாரியில் அந்தக் கணக்கும் ஓடாது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு வழி சுலபம். நிலத்தடியில் மணலை நிரப்பி அதன் மேல் நேரே கொங்கிறீற் போடாமல், 150 மில்லிமீற்றர் சல்லி போட்டு, தடித்த பொலித்தீனை ஓரங்களில் சுவர்மேல் மடித்து விரித்து, அதன் மேல் போட்டால் ஈரம் ஏறும் வழி அறுந்துவிடும். கம்பி கட்டுகிறவர்களின் கால் பொலித்தீனைக் கிழிக்காமல் பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உப்புக் கழுவாத மணல் கலந்த நிலம் என்றால் எனக்கு இன்னும் பயம். உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும், வெள்ளையாய்ப் பூத்துப் பசையையும் தள்ளிவிடும்.

பழைய வீடுகளில் மேற்பரப்பை உரசி, எப்பொக்சி ஈரத்தடுப்பு இரண்டு பூச்சுப் பூச வேண்டும். ஆனால் அம்மம்மா காலத்துச் சிவப்புச் சீமெந்து நிலம் விரிசல் இல்லாமல் மினுங்குகிறது என்றால் அதை உரச எனக்குக் கை வராது. மூடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். கூலி போகட்டும்.

பிறகு மட்டம். 3 மீற்றர் நீளச் சட்டத்தை எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்து, கீழே 5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் மேட்டை உரசி, பள்ளத்தை மட்டக் கலவையால் நிரப்ப வேண்டும். விட்டால் நடக்கும்போது பலகை சத்தம் போடும். பூச்சு, பெயின்ற், யன்னல் கண்ணாடி, கூரைப் பீலி எல்லாம் முடிந்த வீட்டுக்குத்தான் பலகைப் பெட்டி வரவேண்டும்.

வந்த பெட்டியைத் திறந்து, இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கி, அந்த அறைக் காற்றிலேயே விட வேண்டும். தொழிற்சாலையில் பலகையின் ஈரம் ஏறக்குறைய 8 வீதம். இங்கே காற்றின் ஈரப்பதம் 80 வீதத்தைத் தொடும் நாட்களில் மரப் பொருள் 15 வீதம் வரை உறிஞ்சும். நாராக்கி அழுத்திச் செய்த பலகை மிகவும் இறுகியது, மெதுவாகத்தான் குடிக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் 72 மணித்தியாலம் அதற்குப் போதாது, வாரக்கணக்கில் வேண்டும். 4 மீற்றர் அகல அறையில் நூற்றுக்கு அரை வீதம் விரிந்தாலே 20 மில்லிமீற்றர். சுவரோரம் இரு பக்கமும் 12 முதல் 15 மில்லிமீற்றர் விடச் சொல்வது இதற்காகத்தான். அந்த இடைவெளியைப் பூச்சுக்காரர் சீமெந்தால் அடைத்துவிட்டுப் போவதும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் தரை வளைவது பூட்டிய வீட்டில்தான். விடுமுறையில் ஒரு மாதம் ஏசி, மீதி மாதமெல்லாம் பூட்டு. பலகை ஒரு மாதம் சுருங்கி, மாரியில் மூடிய இருட்டில் வீங்கி, கரைகளைத் தூக்கிக்கொள்ளும். பூட்டி வைக்கப் போகும் வீடென்றால் கிழமைக்கு ஒருநாள் யன்னல் திறக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு நான் வேலை எடுப்பதில்லை.

"மூங்கில் இரும்பு மாதிரி, கறையான் தொடாது" என்று கடையில் சொல்வார்கள். தொடும். மூங்கில் புல் இனம், மாப்பொருள் உள்ளது. நிலத்துக்கும் சுவர் அடிக்கும் மருந்து அடிக்காமல் பலகை போடக்கூடாது.

2011 தை வெள்ளம் உள்ளே ஏறிய வீடா என்று அயலில் விசாரியுங்கள். ஏறியிருந்தால் கீழ்த்தளத்தில் மூங்கில் வேண்டாம், எந்தப் பூச்சும் வெள்ளத்தைத் தடுக்காது. மாடி இருந்தால் அங்கே தாராளமாகப் போடலாம், அந்தக் கொங்கிறீற்றுக்கு அடியில் காற்றுத்தான் இருக்கிறது. கீழே போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு மாரி முழுவதும் நிலத்தைப் பார்த்துவிட்டு, பங்குனியில் என்னைக் கூப்பிடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ரைல்ஸ் போட்டுக்கொள்வதே நல்லது.