கவலையும் கணிப்பொறியும்

பழைய கணிப்பொறிகளைப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் சிரிக்கிறார்கள். பழைய கார், பழைய கிராமபோன், பழைய காமிரா என்றால் ஒப்புக்கொள்வார்கள். அவற்றில் ஓர் அழகு இருக்கிறது. மஞ்சளேறிப்போன ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் என்ன இருக்கிறது? அது செய்ததைப்போல் பல்லாயிரம் மடங்கு செய்யும் கைபேசி சட்டைப்பையில் கிடக்கும்போது அதைத் துடைத்துத் துலக்கி எழுப்புவதில் என்ன பொருள்? ‘பிடித்திருக்கிறது’ என்பதைத் தவிர நெடுநாள் என்னிடம் வேறு விடை இருக்கவில்லை.

இந்த இயந்திரங்கள் சாகும் விதம் விசித்திரமானது. மூளை என்று நாம் சொல்லும் சில்லுகள் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. கெட்டுப்போவது ஓரத்தில் இருப்பவை. மின்வழங்கியில் உள்ள கன்டென்சர்கள் உலர்ந்துபோகும். ரப்பர்கள் இளகிப் பிசினாகும். எல்லாவற்றிலும் கொடியது தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட சிறிய நிக்கல்-காட்மியம் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் கணிப்பொறி தேதியையும் நேரத்தையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. ஆண்டுகள் செல்லும்போது அதிலிருந்து காரம் கசிந்து, செப்புத் தடங்களின் வழியே ஊர்ந்து, பச்சை பூக்கவைத்து அரித்துவிடுகிறது. நினைவூட்டுவதற்காக வைத்ததே நினைவை அழிக்கிறது.

ஓலைச்சுவடியைச் செல் அரித்தாலும் எஞ்சிய பகுதியை எழுத்தறிந்தவர் படித்துவிடலாம். கணிப்பொறியில் எழுதியதைப் படிக்க அதே கணிப்பொறி வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1086-ல் நாட்டின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய ‘டூம்ஸ்டே’ நூலை இன்றும் திறந்து படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டையொட்டி 1986-ல் பிபிசி அதேபோல் ஒரு தொகுப்பை உருவாக்கியது. பத்து லட்சம் பேருக்கு மேல் பங்களித்த அந்தத் தொகுப்பு லேசர் தட்டுகளில் பதியப்பட்டது. படிப்பதற்குத் தனி வகைத் தட்டு இயக்கியும் ஏக்கார்ன் நிறுவனத்தின் கணிப்பொறியும் வேண்டும். பதினைந்தே ஆண்டுகளில் அவை அரும்பொருள்களாகிவிட்டன. 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதித்தான் அதை மீண்டும் படிக்க வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எங்கோ நடந்த வேடிக்கை என்றே எண்ணியிருந்தேன். பல்லடம் பக்கத்து நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு 386 கணிப்பொறியை என்னிடம் கொண்டுவந்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. அவருடைய தந்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட அந்தக் கணிப்பொறியை 1997-ல் மகன் வாங்கிக் கொடுக்க, தம் பகுதி வேளாண்மைச் சொற்களை அதில் தொகுத்து வந்திருக்கிறார். அச்செடுக்கும் முன்பே காலமாகிவிட்டார். “அவரு எழுதினதெல்லாம் இன்னும் அதுக்குள்ள இருக்குங்களா தம்பி?” என்று நண்பரின் அம்மா தொலைபேசியில் கேட்டார். “பார்க்கிறேன் அம்மா” என்று மட்டும் சொன்னேன்.

பேட்டரி கசிந்திருந்தது. அதை வெட்டியெடுத்து, காரத்தை முறிக்க வினிகர் தடவி, நீரில் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தினேன். மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் பார்த்ததில் பதினொரு தடங்கள் அறுந்திருந்தன. ரிட்சி தெருவில் வாங்கிய, தலைமுடி அளவே உள்ள எனாமல் கம்பியால் அவற்றைப் பாலமிட்டேன். மின்வழங்கியைத் தனியே சோதித்த பிறகே பலகையில் பொருத்தினேன். அதன் இரண்டு இணைப்பான்களிலும் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் பலகை கருகிவிடும். திரை விழித்தது. தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டியது. காலத்தை மறந்த இவ்வகைக் கணிப்பொறிகள் எல்லாம் அந்த நாளில்தான் கண்விழிக்கின்றன.

வன்தட்டை மட்டும் கழற்றி இன்றைய கணிப்பொறியில் மாட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் காலத்து வன்தட்டுகள் உருளை, தலை, பிரிவு என்ற மூன்று எண்களால் மட்டுமே இடத்தை அறியும். இன்று கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி இணைப்பான்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பேச்சு தெரியாது. பழையதைப் பழையதுதான் படிக்க வேண்டும். தட்டு முதலில் சுழலவில்லை. படிக்கும் தலை தட்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டு சுழலும் தளத்திலேயே மணிக்கட்டால் மெல்ல ஒரு வெட்டு வெட்டித் திருப்பியதும் விடுபட்டுச் சுழலத் தொடங்கியது. முதல் வேலையாகக் கோப்புகளைப் பிளாப்பிக்கு நகலெடுத்தேன். அவருடைய ஆறு ஆண்டு உழைப்பு ஒரே பிளாப்பியின் 1.44 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது.

புதிய கணிப்பொறியில் திறந்தால் வெறும் குறிகளும் கோடுகளும். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. சென்னையில் 1999-ல் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற குறிமுறைகள் வந்தன. ஆனால் டாஸ் காலத்துத் தமிழ் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளைத் தன் விருப்பப்படி எண்களில் அமர்த்திக்கொண்டன. இந்தக் கோப்புகளின் திறவுகோல் அந்தப் பழைய பெட்டிக்குள் இருந்த மென்பொருளிடம் மட்டுமே இருந்தது. 386-ன் திரையில் ஓர் எழுத்தைப் பார்ப்பேன். அதற்குரிய எண்ணைக் குறித்துக்கொள்வேன். இப்படி ஓர் அட்டவணை உருவானது. ‘கொ’ என்பது அதில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று எண்களாகக் கிடந்தது. யூனிகோடுக்கு ஒலி வரிசையில் மாற்றியடுக்க வேண்டும். இதற்கு மூன்று வாரம் ஆனது.

எழுத்துகள் தெளிந்து வந்தபோது முதலில் படித்த பகுதி கவலையைப் பற்றியது. மனக்கவலை அல்ல, மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலை. சால், வடம், வால்கயிறு என்று உறுப்புக்கு ஓர் உள்ளீடு. மின்மோட்டார் வந்ததும் கவலை ஓய்ந்தது. அதோடு அச்சொற்களும் ஓய்ந்தன. ஓய்ந்துபோன ஓர் இயந்திரத்தின் சொற்கள் ஓய்ந்துபோன இன்னோர் இயந்திரத்துக்குள் இத்தனை காலம் கிடந்திருக்கின்றன.

நாற்பதுக்கு மேற்பட்ட சொற்களுக்கு ஆசிரியர் பொருள் எழுதவில்லை. கேள்விக்குறி மட்டும் இட்டிருந்தார். அச்செடுத்து நண்பரின் அம்மாவிடம் கொடுத்தோம். அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாகக் கவலை ஓட்டியிருக்கிறார். “வடம் சாலை மேல ஏத்துமுங்க தம்பி, தண்ணியக் கொட்ட வைக்கிறது வால்கயிறுதான்” என்று தொடங்கி, இறைத்த பின் மாடுகள் சரிவில் பின்னோக்கியே நடந்து மேடேற வேண்டும், அதைப் பழக்குவதுதான் பெரும்பாடு என்று கையை அசைத்துக் காட்டினார். அன்று மாலைக்குள் முப்பத்திரண்டு கேள்விக்குறிகள் நீங்கின. “என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பனே” என்றார்.

என்னிடம் சிரித்தவர்களுக்குச் சொல்ல இப்போது இந்த விடை இருக்கிறது. அந்தப் பெட்டி இன்னும் பத்தாண்டு பரணில் கிடந்திருந்தால் காரம் மிச்சத் தடங்களையும் தின்றிருக்கும். சொற்களுக்குப் பொருள் சொல்ல அம்மாவும் இருந்திருப்பாரா, தெரியாது. பழுதுபார்ப்பவனுக்கு இரண்டு பக்கமும் காலக்கெடு உண்டு.

386 இப்போது என் மேசையில் இருக்கிறது. தாய்ப்பலகையில் புதிய பேட்டரி எதையும் நான் பற்றவைக்கவில்லை. இயக்கும்போதெல்லாம் 1980-லிருந்து தொடங்குகிறது. இன்றைய தேதியைக் கையால் அடிக்கிறேன். வன்தட்டின் மூன்று எண்களையும் எழுத்து அட்டவணையையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அடுத்துத் திறப்பவருக்கு வேண்டியிருக்கும்.