சேமிக்கவா?

ரௌட்டருக்கு இரண்டு நினைவுகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பது ஒன்று. ரன்னிங் கான்ஃபிக் என்போம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் இருப்பது இன்னொன்று. அது ஸ்டார்ட்டப் கான்ஃபிக். நாம் ஒரு கட்டளையை அடித்து என்டர் தட்டிய கணமே முதல் நினைவு மாறிவிடும். இரண்டாவது அப்படியில்லை. 'இதை வைத்துக்கொள்' என்று தனியாகச் சொன்னால்தான் மாறும். சொல்லவில்லையென்றால், பல மாதம் நன்றாக ஓடிய ஒரு மாற்றம், அடுத்த முறை ரௌட்டர் எழும்போது நடக்கவே நடக்காததுபோல ஆகிவிடும்.

நான் வேலை பார்ப்பது மெய்நிகர் ரௌட்டர்களோடு. பெட்டி கிடையாது, பச்சை விளக்கு மினுக்காது. எங்கோ ஒரு டேட்டா சென்டரில், ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும். சிஸ்கோவின் சி.எஸ்.ஆர். 1000வி அந்த வகை. அதற்கு அடுத்து வந்தது கேட்டலிஸ்ட் 8000வி. 4 ஜிபி ரேம் ஒதுக்கினால் போதும், என் பழைய மடிக்கணினியிலேயே எழுந்துவிடும். போடிநாயக்கனூரில் உட்கார்ந்து நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். அசல் ரௌட்டர் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றிருந்தால், அப்பா ஒரு சீசன் முழுக்க ஸ்டோரில் கண்விழித்த கூலி அதற்குக் காணாது.

ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஏலக்காய் உலர்த்தும் வீட்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். போடிமெட்டுக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட்டில் அப்பா முப்பது வருஷத்துக்கு மேலாக ஸ்டோர் பார்க்கிறார். பறித்து வந்த பச்சைக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். அது பத்துப் பங்குக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும், ஆனால் பச்சை நிறம் போகக்கூடாது. அடுப்பில் விறகு எரியும். சூடு குழாய் வழியாக அறைக்குள் சுற்றும். தட்டு தட்டாகக் காய் பரப்பியிருக்கும். 50 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு பகலும் ஒரு இரவும், சில நேரம் அதற்கு மேலும். சூடு ஏறினால் தோல் வெடிக்கும், குறைந்தால் நிறம் மங்கும். மங்கின காய் ஏலத்தில் விலை போகாது. 2022-லிருந்து ஸ்பைசஸ் போர்டின் ஏலத்தில் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் இருக்கிற வியாபாரிகள் கிளவுட் வழியாக ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். அவர்கள் பார்ப்பது நிறம், பருமன், லிட்டர் வெயிட். யார் ராத்திரி முழித்திருந்தார் என்பது திரையில் வராது.

ரௌட்டர் எழும் விதத்துக்கு வருகிறேன். மெய்நிகர் ரௌட்டர் எழும்போது முதலில் கிரப் என்ற சின்ன நிரல் கண்விழிக்கும். லினக்ஸ் போட்டவர்களுக்குத் தெரியும், சில நொடி மட்டும் நிற்கும் அந்த மெனு. அதன்பின் எந்தக் கோப்பிலிருந்து எழுவது, எழுந்தபின் பழைய நினைவைப் படிப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் ஒரு நாலு இலக்க எண் சொல்லும். கான்ஃபிக் ரிஜிஸ்டர் என்று பெயர். வழக்கமாக அது 2102. பதினாறை அடியாகக் கொண்ட எண் அது. ஒவ்வொரு இலக்கமும் நாலு சுவிட்சுகள். கடைசி இலக்கம் 2 என்றால் 'பட்டியலைப் பார்த்து எழு' என்று அர்த்தம். 0 என்றால் எழாமல் வாசலிலேயே நில்.

அந்தப் பட்டியல்தான் 'பூட் சிஸ்டம்' வரிகள். எங்கள் ஊர் ஜீப் டிரைவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்தால் கம்பம்மெட்டு, அதுவும் அடைத்தால் குமுளி. முதல் வழி திறந்திருக்கும்வரை இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. ரௌட்டரும் மேலிருந்து கீழாகத்தான் முயலும். புதிதாக ஒரு வரி சேர்த்தால் அது பட்டியலின் கடைசியில் போய் உட்காரும். புது மென்பொருளை ஏற்றி, அதற்கான வரியையும் எழுதி, பழைய வரியை எடுக்காமல் விட்டால் ரௌட்டர் அமைதியாகப் பழையதிலேயே எழும். அதன் கணக்கில் அது சரிதான். முதல் வழி இன்னும் அடைபடவில்லையே.

பூட் என்பதை ஒரு தொழில்நுட்பத் தகவலாக மட்டும் என்னால் பார்க்க முடியாமல் போனது ஓர் ஐப்பசி ராத்திரியில். ஒரு வாடிக்கையாளரின் சர்வர்களை வேறொரு குழு புதுப்பித்துக்கொண்டிருந்தது. அந்த சர்வருக்குள்தான் எங்கள் மெய்நிகர் ரௌட்டரும் இருந்தது. பதினாலு மாதமாக நிற்காமல் ஓடியது. சர்வரை அணைத்துப் போட்டார்கள். கிளைகள் எல்லாம் துண்டாகிவிட்டன என்று எனக்குப் போன் வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. வெளியே மழை. அப்பா அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார், தூங்கவில்லை.

கன்சோலைத் திறந்தேன். கறுப்பு. ஒரு எழுத்துகூட இல்லை. செத்துவிட்டது என்று போனில் ஒருவர் சொன்னார். சாகவில்லை. இந்த ரௌட்டர்களில் இன்னொரு அமைப்பு உண்டு: எழும்போது பேசுவது திரையிலா, சீரியல் போர்ட்டிலா என்று முடிவு செய்வது. யாரோ சீரியல் என்று வைத்திருந்தார்கள். புது சர்வரில் அந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு சீரியல் போர்ட் சேர்க்கப்படவில்லை. அது எழுந்து பேசிக்கொண்டுதான் இருந்தது, கேட்கிற காதுதான் இல்லை. போர்ட்டைச் சேர்த்துத் திரும்பப் போட்டதும் வரிகள் ஓடி வந்தன.

வந்ததைப் படித்தபோதுதான் உண்மையான சேதம் தெரிந்தது. ரௌட்டர் பதினாலு மாதத்துக்கு முந்தைய ஆளாக எழுந்திருந்தது. அதற்குப் பிறகு திறந்த கிளைகள் எதையும் அதற்குத் தெரியாது. அந்த மாற்றங்களைச் செய்தவர் ரன்னிங் கான்ஃபிக்கில் செய்து, சேமிக்காமல், எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். நாமாக 'ரீலோட்' கட்டளை கொடுத்தால் ரௌட்டர் ஒரு கேள்வி கேட்கும்: அமைப்பு மாறியிருக்கிறது, சேமிக்கவா? பவரைப் பிடுங்கும்போது அந்தக் கேள்வி வராது.

மீட்டது எப்படி என்றால், அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான். டனல் என்பது இரண்டு முனை உள்ளது. இங்கே அழிந்துபோன முனையின் பாதி, எதிர்முனையில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு கிளை ரௌட்டருக்குள்ளும் வேறு வழியாக நுழைந்து, அது யாரைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, அதைத் திருப்பி எழுதினேன். அதன் இலக்கு இங்கே மூலம், அதன் மூலம் இங்கே இலக்கு. கடைசிக் கிளை எழும்போது நாலரை மணி. அப்பா காப்பி கொண்டு வந்து வைத்தார்.

"என்ன பாப்பா, கரன்ட் போயிருச்சா?"

"ஆமாப்பா, அது மாதிரிதான். செஞ்சு வெச்சதெல்லாம் மறந்துபோயிருச்சு."

"எழுதி வைக்கலயா?"

"செஞ்சவரு எழுதல."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எழுதாததுக்கு ஏதாவது காரணம் இருக்கும்ல?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி முழுக்க ஒருவருடைய அலட்சியத்தைப் பெருக்கிக் கூட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் காரணம் இருக்க முடியும், எனக்கே அது தெரியும். தூரத்திலிருந்து ஒரு ரௌட்டரில் ஆபத்தான மாற்றம் செய்யும்போது நாங்கள் வேண்டுமென்றே சேமிப்பதில்லை. நான் எந்தப் பாதை வழியாக உள்ளே போயிருக்கிறேனோ அந்தப் பாதையையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரு எழுத்து பிசகினால் கதவு என் முகத்தில் சாத்திக்கொள்ளும், ரௌட்டரோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அதனால் முதலில் 'ரீலோட் இன் 10' என்று அடிப்போம். பத்து நிமிஷத்தில் நீயாக விழுந்து எழு என்று பொருள். பிறகு மாற்றத்தைச் செய்வோம். தொடர்பு அறுந்தால் பதறாமல் காத்திருந்தால் போதும். பத்தாவது நிமிஷம் அது விழும். சேமிக்காத தவற்றை மறந்து பழைய நல்ல நிலையில் எழும். தொடர்பு நிலைத்தால் கெடுவை ரத்து செய்துவிட்டு அப்புறம் சேமிப்போம். தவற்றையும் சேர்த்துச் சேமித்துவிட்டால் எத்தனை முறை எழுப்பினாலும் அந்தத் தவற்றோடுதான் எழும்.

மறதியைக் கருவியாக்கும் இன்னொரு வழியும் உண்டு. கடவுச்சொல் தெரியாத ரௌட்டருக்குள் போக, 2102-ஐ 2142 என்று மாற்றுவார்கள். அந்த 4 சொல்வது இதுதான்: பழைய நினைவை அழிக்காதே, இப்போதைக்குப் படிக்காதே. ரௌட்டர் வெற்று மனதோடு எழும். உள்ளே போய், பழைய நினைவை நாமே எடுத்து ஏற்றி, கடவுச்சொல்லை மட்டும் மாற்றிச் சேமிக்கலாம். முடித்ததும் எண்ணைத் திரும்ப 2102 ஆக்கியே தீர வேண்டும். ஆக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அது பிறந்த குழந்தையாகவே எழும், எல்லாம் பக்கத்திலேயே எழுதி இருந்தும்.

இந்த வருஷம் அப்பாவுக்கு முழங்கால் ஒத்துவரவில்லை. அடுத்த சீசனுக்கு மேலே போக மாட்டார் என்பது அவர் சொல்லாமலே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிறகு ஸ்டோர் பார்க்கப் போகிற பையனுக்காக, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைக்கலாம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். என் மனதில் அந்த ஐப்பசி ராத்திரிதான் இருந்தது. சேமிக்காமல் போன மனிதர்களை எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

முதல் நாளே தகராறு. எந்தச் சூட்டில் ஆரம்பிப்பீங்க என்று கேட்டேன். "காயைப் பாத்துத்தான்" என்றார். எத்தனை மணி நேரம்? "மழைக்காயா வெயில்காயா?" எப்போது போதும் என்று முடிவு செய்வீங்க? ஒரு கை காயை அள்ளிக் காதருகே குலுக்குவதுபோலக் காட்டினார். "சத்தம் சொல்லும்." நான் சலித்துப்போய், ஒரு எண்ணாவது சொல்லுங்கப்பா என்றேன்.

"எண்ணு சொல்லலாம் பாப்பா. நீ எழுதிருவ. அந்தப் பய அதை அப்படியே புடிச்சுக்குவான். அடுத்த வருசம் மழை வேற மாதிரி இருக்கும், வெறகு ஈரமா இருக்கும். அவன் காயைப் பாக்க மாட்டான், உன் நோட்டைத்தான் பாப்பான். நான் எழுதாததுக்கு அதான் காரணம்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது ஏறக்குறைய 'ரீலோட் இன் 10'-இன் நியாயம். சரிபார்க்காததைச் சேமிக்காதே. வித்தியாசம் ஒன்றுதான்: அவர் முப்பது வருஷமாகச் சரிபார்த்தும் சேமிக்கவில்லை. அவருடைய கெடு நீண்டுகொண்டே போய், கடைசியில் முழங்கால் வடிவத்தில் வந்து நிற்கிறது. அது ரீலோட் கட்டளை இல்லை, பவர் போவது. சேமிக்கவா என்று அது கேட்காது.

இதை அவரிடம் சொன்னேன். ரௌட்டர் பெயரெல்லாம் இல்லாமல், விஷயத்தை மட்டும். நன்றாக வந்த லாட் எத்தனை பார்த்திருப்பீங்க, அதில் மாறாதது ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். நிறைய நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவராக நோட்டைக் கேட்டு வாங்கினார்.

மூன்று நாளில் பதினொரு வரி வந்தது. அதில் சூட்டுக்கு ஓர் எண்கூட இல்லை. தட்டில் காயை இரண்டு அடுக்காகப் போடக்கூடாது. ஈர விறகை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் தூங்கிவிடுவாய். காற்றுப் போக்கியை எப்போது திறப்பது என்று மட்டும் அவரால் எழுத முடியவில்லை. அந்த இடத்தில், தட்டு மாற்றும் ஓர் அக்காவின் பெயரை எழுதி, "இவளைக் கேள்" என்று போட்டிருந்தார்.

அழிந்துபோன முனையை எதிர்முனையில் தேடியது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் எனக்கு முன்பே அதை வரியாக எழுதி வைத்திருக்கிறார்.

வேலையில் நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஸ்கிரிப்ட் எல்லா ரௌட்டர்களிலும் இரண்டு நினைவுகளையும் ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை எனக்கு அனுப்பும். அது தானாக எதையும் சேமிக்காது. மாற்றிய ஆளைக் கூப்பிட்டு, இது நிலைத்ததா இன்னும் சோதனையா என்று கேட்பேன். சிலர் சேமிக்கச் சொல்வார்கள், சிலர் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் தருவதில்லை.

நோட்டை அந்தப் பையனிடம் கொடுக்க வரும் ஞாயிறு அப்பாவும் நானும் ஜீப்பில் மேலே போகிறோம். போடிமெட்டு வழி திறந்திருக்கிறதாம்.