ஜொகூர் மண்ணில் – 6: சிகாமட்டின் கறுங்கல், எதிர்க்கரையின் நெருப்பு

சிகாமட் பட்டணத்தை விட்டுத் தோட்டப்புறச் சாலையில் இறங்கியதும் மண்ணின் நிறம்தான் முதலில் கண்ணில் பட்டது. செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே இது கூடுதல் சிவப்பு. முந்தின இரவு மழை. நாலு எட்டு வைப்பதற்குள் காலணியில் மண் அப்பிக் கனத்தது. மலேசிய மண் வகைப்பாட்டில் ஒரு வகைக்குச் ‘சிகாமட்’ என்றே பெயர் உண்டு. எரிமலைப் பாறை யுகக்கணக்கில் மக்கியதில் உண்டான ஆழமான செம்மண் அது. இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினார்கள். இப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. தோட்டத்து மக்களுக்கு அது முள்ளுத்தேங்காய்.

என்னை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மண்மேட்டை வெட்டிச் சாலை போட்டிருந்த ஓரிடத்தில் காரை ஓரங்கட்டினார். “இதப் பாருங்க சார்” என்று சரிவில் பாதி புதைந்து கிடந்த ஓர் உருண்டையைக் காட்டினார். அதன் மேற்பரப்பு வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. மேல் அடுக்குகளை விரலாலேயே நொறுக்க முடிந்தது. உள்ளே போகப் போகக் கெட்டிப்பட்டு, நடுவில் கறுத்த சாம்பல் நிறத்தில் ஒரு கல். உடைந்த முகத்தில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள். பசால்ட். ஒரு காலத்தில் நெருப்புக் குழம்பாக ஓடி இறுகிய கல். நிலவியலாளர்கள் கணித்த வயது சுமார் 6 கோடியே 20 லட்சம் ஆண்டு. நம் தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் உறைந்து ஒரு கோடி ஆண்டுகூட ஆகாத காலம் அது.

அந்தக் கல்லை நான் தேடி வந்ததற்குக் காரணம் 2025 ஆகஸ்ட் 24. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மணி ஆறேகால் ஆகவில்லை. சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 4.1 என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. சில மணி நேரத்தில் குளுவாங்குக்கு வடமேற்கே 2.8 அளவில் இன்னொன்று. பிறகும் சிறு அதிர்வுகள் வந்தன. சுமத்திராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகள் ஆடுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. 2009 பாடாங் நிலநடுக்கத்தின்போது கட்டடங்களை விட்டு ஓடி வந்தவர்கள் பலர். ஆனால் சொந்தக் காலடியிலிருந்தே ஒன்று கிளம்பும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

“கட்டில் ஆடுச்சு தம்பி. பேரன்தான் ஏறிக் குதிக்கிறான்னு நெனச்சுத் திட்டினேன். அவன் அந்தாண்ட அறையில தூங்குறான்” என்றார் பழைய தோட்டக் குடியிருப்பில் நாங்கள் சந்தித்த பாட்டி. இருபது வயதில் பால்வாளி தூக்கியவர். பேச்சு வளர்ந்தபோது அவர் கேட்டது இது: “இங்க எரிமலைக் கல்லு இருக்குன்னு வாத்தியார் சொல்றாரே, அது திரும்ப எந்திரிச்சிருச்சா?”

நியாயமான கேள்வி. ஊரில் பலர் மனத்திலும் அது இருந்திருக்கும். இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சிகாமட்டின் கல்லைக் கக்கிய வாய் எப்போதோ அடைபட்டு, அடியில் இருந்த குழம்பும் ஆறிப்போய்விட்டது. தீபகற்பத்தில் இதைவிட மிக இளைய எரிமலைப் பாறை குவாந்தானில் உண்டு; அதற்கே பதினாறு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆகஸ்டில் அசைந்தது நெருப்பு அல்ல, பாறையில் உள்ள பழைய பிளவு. சுமத்திராவின் மேற்குக் கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் இவ்வளவு தூரம் தாண்டி வந்து, தூங்கிக் கிடக்கும் பிளவுகளையும் நெருக்குகிறது.

அருகில் லாபிஸில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. நீரில் காலை விட்டால் இதுவும் எரிமலைச் சூடுதானோ என்று தோன்றும். அதுவும் அல்ல. மழைநீர் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே இயல்பாக உள்ள வெப்பத்தில் சுட்டு மேலே வருகிறது. ஜொகூரின் உச்சியான லெடாங் மலையும் எரிமலை அல்ல, கிரானைட் மலைதான்.

“மொதல்லயே யாரும் சொல்ல முடியாதாப்பா?” என்று பாட்டி விடாமல் கேட்டார். இந்தக் கேள்வி என்னை அன்று முழுக்க விடவில்லை. நிலநடுக்கம் இன்ன நாள் வரும் என்று சொல்ல இன்றுவரை உலகில் யாராலும் முடியவில்லை. எரிமலை அப்படி அல்ல. பெரும்பாலும் அது முன்கூட்டியே அறிகுறி காட்டிவிடுகிறது. குழம்பு மேலேறும்போது பாறை விரிசல்விட்டுச் சின்னச் சின்ன அதிர்வுகள் நூற்றுக்கணக்கில் பதிவாகும். மலை சில சென்டிமீட்டர் உப்பும். அதை ஜிபிஎஸ் கருவியும் சாய்வுமானியும் காட்டிக்கொடுக்கும். கந்தக டை ஆக்சைடு வாயு கூடும். அறிகுறி காட்டும் ஒரு பேரிடரைக் கவனிக்காமல் விடுவதற்கு மனிதருக்கு எந்தச் சாக்கும் கிடையாது என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட எரிமலைகள் எதிர்க்கரையான சுமத்திராவில் உண்டு. சிகாமட்டிலிருந்து நேர் மேற்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் போனால் தோபா ஏரி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்ததுதான் மனித இனம் தோன்றியபின் பூமி கண்ட மிகப் பெரிய வெடிப்பு. நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் உள்வாங்கி ஏரியானது. அந்த வெடிப்பின் சாம்பல் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானில், கற்கருவி செய்த ஆதி மனிதரின் பட்டறைமேல் படிந்திருக்கிறது. ஆந்திராவில் கர்நூல் பக்கத்து ஜ்வாலாபுரத்திலும் அதே சாம்பல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

தோபாவுக்குச் சற்று வடக்கே காரோ மேட்டுநிலத்தில் சினாபுங் எரிமலை. காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்று கிளைகள் உண்டு. சோழ, பாண்டிய நாட்டு வணிகரோடு அவர்களுக்கிருந்த பழைய உறவை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். காரோ மக்கள் அங்கே கோசும் காரட்டும் ஆரஞ்சும் விளைவிக்கிறார்கள். அந்த மேட்டுநிலத்துக் காய்கறி கடல் தாண்டி மலேசியாவுக்கும் வருகிறது. எரிமலை மண் கொடுத்த விளைச்சல்தான் அவர்களை மலையடியிலேயே வைத்திருக்கிறது.

நானூறு ஆண்டுக்கு மேல் சும்மா இருந்த மலை என்பதால் சினாபுங்கைக் கருவி வைத்து யாரும் கண்காணிக்கவில்லை. 2010 ஆகஸ்ட் இறுதியில் அது வெடித்தது. பிறகுதான் பாண்டுங்கில் இருக்கும் இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்பு மையம் அங்கே நிலையம் அமைத்துத் தொடர்ந்து கவனித்தது. 2013 செப்டம்பரில் மலை மறுபடி எழுந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வீடு விட்டு வெளியேறினார்கள். 2014 பிப்ரவரி 1 அன்று தடைசெய்த பகுதிக்குள் போனவர்கள்மேல் கொதிக்கும் சாம்பல் மேகம் இறங்கியது. பதினைந்து பேருக்கும் அதிகமாக மாண்டார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்பது சுலபம். மாதக்கணக்கில் முகாமில் கிடப்பவனுக்கு விட்டுவந்த வீடும் வயலும் கண்முன்னே நிற்கும். கருவி சொன்னது உண்மை. அவன் வயிறு சொன்னதும் உண்மை. இதற்கு விடை கருவியில் இல்லை, மாற்று நிலத்தில் இருக்கிறது. மலையடியிலிருந்த சில கிராமங்களைச் சியோசார் என்ற இடத்தில் குடியேற்றினார்கள்.

2023 டிசம்பர் 3 இதைவிட மனத்தை வருத்துகிறது. மேற்குச் சுமத்திராவின் மராப்பி எரிமலை, சிகாமட்டிலிருந்து நானூறு கிலோமீட்டர் சொச்சம். நான்கு படி எச்சரிக்கையில் அது 2011 முதல் இரண்டாம் படியில் இருந்தது. வாயைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்று கண்காணிப்பு மையம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனாலும் மலையேற அனுமதி கிடைத்தது. அன்று 24 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். எச்சரித்த அலுவலகம் ஒன்று, அனுமதித்த அலுவலகம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எந்த நிலநடுக்கமானியும் அடைக்காது.

மலேசியா இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஜாவாவின் காலுங்குங் மலை கக்கிய சாம்பலுக்குள் நுழைந்தது. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல. பொடிந்த பாறையும் கண்ணாடியும். எஞ்சினுக்குள் உருகி ஒட்டிக்கொள்ளும். நான்கு எஞ்சின்களும் நின்றன. விமானம் சாம்பலை விட்டுக் கீழே சறுக்கி வந்தபின் எஞ்சின்கள் மறுபடி பிடித்தன. தேய்ந்து மங்கிய முன்கண்ணாடியோடு ஜகார்த்தாவில் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. இன்று உலக வானத்தை ஒன்பது சாம்பல் எச்சரிக்கை மையங்கள் பங்கு போட்டுக் கவனிக்கின்றன. இந்தோனேசியப் பக்கத்தைப் பார்ப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் எடுக்கும் படம் அதற்குக் கண்.

நமக்கும் ஒன்று உண்டு: அந்தமானின் பாரன் தீவு. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அடங்கியிருந்து 1991-ல் எழுந்தது. 2025 செப்டம்பரிலும் புகைந்தது. அங்கே குடியிருப்பு இல்லை என்பதால் நாம் அதிகம் பேசுவதில்லை. சினாபுங்கும் பேசப்படாத மலையாகத்தான் இருந்தது.

மாலையில் ஆசிரியர் தன் போனில் இந்தோனேசிய மையத்தின் ‘மாக்மா இந்தோனேசியா’ தளத்தைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு மலைக்கும் அன்றைய நிலை, அதிர்வுகளின் எண்ணிக்கை, எத்தனை கிலோமீட்டர் விலகி இருக்க வேண்டும் என்ற அறிவுரை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மலையைப் பிரித்துக் கொடுத்து, தினமும் குறித்துவரச் சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். பாட்டியின் பேரனுக்கு மராப்பி. பாட்டி மட்டும் விடவில்லை: “அது கடலுக்கு அந்தாண்ட. நம்ம வீட்டுக்கு என்ன வழி?” கனமான அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து முடுக்கச் சொன்னோம். கட்டிலைச் சன்னலை விட்டுத் தள்ளிப் போடவும் சொன்னோம். பேரன் சுத்தியல் எடுக்கப் போனான்.

காலையில் குளுவாங்குக்கு ரயில்.

(தொடரும்)